மலைப்பாதை ரிலே ஓட்டத்தில் தன்னார்வலராகப் பணியாற்றுவது எப்படி: நீலகிரிக்கான முழுமையான வழிகாட்டி

மாரத்தானில் புறப்பட்டவரே முடிவுக் கோட்டுக்கும் வந்து சேர்வார். வழியில் நிற்கும் தன்னார்வலர் தண்ணீர் கொடுத்துத் திசை காட்டினால் அவருடைய வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். தொலைதூர ரிலேயில் நிலைமை வேறு. அணியினர் பாதையைப் பகிர்ந்து ஓட, பட்டையைக் கைமாற்றும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் தம் ஓட்டத்தை முடிக்கிறார், அதே நொடியில் இன்னொருவர் தொடங்குகிறார். அணியின் மற்றவர்கள் வேனில் ஏறி அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே இந்த நிமிடத்தில் எந்த அணியின் எந்த ஓட்டக்காரர் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கிறார் என்பது, கைமாற்றும் இடங்களில் பதிவேட்டோடு நிற்பவர்களைத் தவிர வேறு எவருக்கும் முழுமையாகத் தெரியாது. மூடுபனி இறங்கிக் கைப்பேசிச் சிக்னலும் போய்விடும் மலைச்சாலையில் அந்தப் பதிவேடுதான் ஓட்டக்காரரின் பாதுகாப்பு. தன்னார்வலரின் மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வகை ஓட்டம் ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. 1917ஆம் ஆண்டு கியோத்தோவிலிருந்து டோக்கியோ வரை நடந்ததே முதல் ‘எகிடென்’ ஓட்டமாகக் கருதப்படுகிறது. 1920இல் தொடங்கிய ஹகோனே எகிடென் இன்றும் ஆண்டுதோறும் ஜனவரி 2, 3 ஆகிய இரு நாள்களில், பத்துக் கட்டங்களாக, சுமார் 217 கிலோமீட்டர் தொலைவுக்கு நடக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1982இல் தொடங்கிய ‘ஹூட் டு கோஸ்ட்’ ஓட்டத்தில் பன்னிரண்டு பேர் வரை கொண்ட அணிகள் 36 கட்டங்களாகச் சுமார் 320 கிலோமீட்டரை இரவு பகலாகக் கடக்கின்றன. நம் மலைகளில் தூரம் குறைவாக இருக்கலாம். ஏற்ற இறக்கமும் வானிலையும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும்.

பணியை ஏற்குமுன் கேட்க வேண்டியவை

பெயர் கொடுக்கும் முன்பே அமைப்பாளர்களிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். மாவட்ட நிர்வாகம், காவல்துறை, பாதை காட்டோரம் சென்றால் வனத்துறை ஆகியோரின் அனுமதி எழுத்து வடிவில் கிடைத்துவிட்டதா? ஆம்புலன்ஸ் எந்தெந்த இடங்களில் நிற்கும்? தன்னார்வலர்களுக்கும் காப்பீடு உண்டா? ஒவ்வொரு கட்டத்துக்கும் கடைசி நேரம் எவ்வளவு, அதைத் தாண்டியவரை யார் அழைத்து வருவார்? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத ஓட்டத்தில் பணியாற்ற ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. ஆர்வம் மிகுந்தவர்கள் இதை ஒரு சம்பிரதாயமாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

அடுத்து, பாதையைக் காகிதத்தில் பார்ப்பதோடு நிற்காமல் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியை முன்கூட்டியே நேரில் பாருங்கள். எடுத்துக்காட்டாக, உதகையில் தொடங்கி கேத்தி, அருவங்காடு, குன்னூர், கட்டபெட்டு, கோத்தகிரி வழியாக மீண்டும் உதகைக்கே திரும்பும் சுற்றுப்பாதையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வரும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும் இருப்பதால் முதல் பகுதி பெரும்பாலும் இறக்கம். கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டா பிரிவு வரையிலான பகுதி, களைத்துப்போன அணிகளை வாட்டும் நீண்ட ஏற்றம். இந்தப் பாதையில் கட்டபெட்டு சந்திப்பை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். குன்னூர்ச் சாலையும் உதகைச் சாலையும் அங்கே சேர்வதால், குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் ஓட்டக்காரரும் கோத்தகிரியிலிருந்து உதகைக்குத் திரும்பும் ஓட்டக்காரரும் ஒரே சந்திப்பைக் கடக்கிறார்கள். அங்கு நிற்பவர் வருபவர் எந்தத் திசையிலிருந்து வருகிறார் என்று பார்க்காமல் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டால், ஓர் அணி கிலோமீட்டர் கணக்கில் தவறான சாலையில் ஓடும். ஆகவே இத்தகைய சந்திப்பில் இரண்டு தன்னார்வலர்கள் நின்று, ஆளுக்கு ஒரு திசையை மட்டும் பொறுப்பேற்பதே சரியான ஏற்பாடு.

ஓட்டம் எந்த மாதத்தில் நடக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கத்தை நனைக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தில்தான் வலுவாகப் பெய்யும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் உயிரிழந்தவர்கள் பலர் என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. மே மாதச் சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். அந்த நெரிசலில் இந்தச் சாலைகளில் ரிலே நடத்த நினைப்பதே தவறு என்பது என் கருத்து.

வெளி மாவட்டங்களிலிருந்து சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது.

உங்களுக்கு ஏற்ற பணியைத் தேர்ந்தெடுத்தல்

பணிகள் பலவகைப்படும்: கைமாற்றும் இடத்தில் பதிவு, எண் அறிவிப்பு, சந்திப்பிலும் வளைவிலும் வழிகாட்டல், வேன் நிறுத்தம், தண்ணீர்-உணவு, முதலுதவி உதவி, கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வரும் வண்டி. எழுத்து நேர்த்தியும் பதறாத மனமும் உள்ளவர்கள் பதிவுக்குப் போகலாம். உரத்த குரல் உடையவர்கள் எண் அறிவிப்புக்கு ஏற்றவர்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பெற்றோர் சம்மதத்தோடு உணவு, தண்ணீர்ப் பணிகளில் மட்டும் அமர்த்த வேண்டும்; சாலை வளைவில் அவர்களை நிறுத்தக் கூடாது. உள்ளூர் ஹட்டிகளை (படுகர் ஊர்களை) சேர்ந்தவர்கள் குழுவில் இருந்தால் அவர்களிடம் கேட்டு நடப்பது நல்லது. எந்த வளைவில் காற்று வெட்டும், எந்தச் சரிவில் அந்தி நேரத்தில் காட்டெருமை இறங்கும் என்பதெல்லாம் வரைபடத்தில் இல்லாத செய்திகள்.

உடையும் பையும்

ஓடுபவருக்கு உடம்பு சூடாக இருக்கும். குளிரில் வாடப்போவது அசையாமல் நிற்கும் நீங்கள்தான். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையின் தாழ்வான பகுதிகளில் விடியற்காலையில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கி உறைபனி படியும். அதே இடத்தில் நண்பகல் வெயில் தோலைச் சுடும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய உடைகள் மூன்று இருப்பது மேல். உள்ளே பருத்திச் சட்டை அணிந்தால், நனைந்தபின் அது காயாமல் உடல் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மங்கி குல்லா, கையுறை, மழைக்கோட்டு, மாற்றுக் காலுறை, தொப்பி ஆகியவற்றுடன் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். டார்ச் விளக்கு, விசில், பென்சில்கள், பரீட்சை அட்டை, கைக்கடிகாரம், முக்கிய எண்களை எழுதிய காகிதம், சொந்த மருந்துகள், சொந்த டம்ளர் ஆகியவை பையில் இருக்கட்டும். பேனா வேண்டாம், ஈரம் ஏறிய தாளில் பென்சில்தான் எழுதும்.

கைமாற்றும் இடத்தை அமைத்தல்

முதல் ஓட்டக்காரர் வரக்கூடிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது குழு அங்கே இருக்க வேண்டும். இடம் நேரான சாலையில், இரு பக்கமும் நன்றாகப் பார்க்கக்கூடியதாக, வேன்கள் ஒதுங்க அகலம் உள்ளதாக இருக்க வேண்டும். வளைவை ஒட்டி இடம் ஒதுக்கப்பட்டிருந்தால், தொடங்கும் முன்பே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடும் அதற்குப் பின்னால் ஏறத்தாழ இருபது மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியும் போடுங்கள். அடுத்து ஓடவிருப்பவர் மட்டுமே அந்தப் பகுதிக்குள் நிற்கலாம். அணியின் மற்றவர்கள், புகைப்படம் எடுப்பவர்கள், வாழ்த்த வந்த உறவினர்கள் எல்லோரும் சாலையின் வெளி ஓரத்தில் நிற்க வேண்டும்.

எண் அறிவிப்பவர் கோட்டுக்கு 150 மீட்டர் முன்பாக, ஓட்டக்காரர் வரும் திசையில் நிற்க வேண்டும். மார்பு எண்ணைப் பார்த்ததும் உரத்த குரலிலோ வாக்கி-டாக்கியிலோ அவர் பின்னால் சொல்ல, கோட்டருகே இருப்பவர் அந்த அணியைக் கூப்பிடுவார். மூடுபனியில் கண்ணுக்குத் தெரியும் தூரம் முப்பது மீட்டராகச் சுருங்கும்போது, கோட்டருகே இருப்பவருக்கு எண் தெரிவதற்கும் ஓட்டக்காரர் கோட்டைத் தொடுவதற்கும் இடையே சில நொடிகளே மிஞ்சும். அப்போது அறிவிப்பவரை நெருக்கி வைத்துப் பயனில்லை. தூரத்திலேயே நிறுத்தி வாக்கி-டாக்கியைக் கொடுங்கள்.

எகிடெனில் தோளில் மாட்டும் துணிப்பட்டை கைமாறும். மற்ற இடங்களில் மணிக்கட்டில் சுற்றும் பட்டை வழக்கம். எதுவாக இருந்தாலும், அது கோட்டுக்கு அப்பால், கையிலிருந்து கைக்கு மாற வேண்டும், எறியக் கூடாது. பட்டை விழுந்தால் அதைத் தவறவிட்டவரே எடுத்துக் கொடுக்கட்டும். தன்னார்வலர் உதவும் எண்ணத்தோடு குனிந்து எடுத்தால், பின்னால் வருபவர் மோதும் வாய்ப்பு அதிகம்.

பதிவேடு

ஐந்து பத்திகள் போதும்: அணி எண், வந்த நேரம், புறப்பட்டவரின் பெயர், புறப்பட்ட நேரம், குறிப்பு. இருவர் தனித்தனியாக எழுத வேண்டும். ஒருவர் வருபவர்களை மட்டும், மற்றவர் புறப்படுபவர்களை மட்டும். மார்பு கோட்டைக் கடக்கும் நொடியே வந்த நேரம். கைக்கடிகாரங்களை எல்லா இடங்களிலும் காலையிலேயே ஒரே நேரத்துக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் ஓட்டக்காரர் புறப்படும் முன்பே அடுத்த இடத்துக்கு வந்துவிட்டதாகக் கணக்கு காட்டும்.

ரிலேயில் ஓர் அணிக்கு ஒருவர்தான் சாலையில் இருப்பார் என்பதால் கணக்கு மிக எளிது. முந்தைய இடத்திலிருந்து 40 பேர் புறப்பட்டு, உங்களிடம் 36 பேர் வந்திருந்தால், நடுவே 4 பேர் இருக்கிறார்கள். அந்த நால்வரின் எண்களையும் சொல்ல முடிய வேண்டும். ‘நாலு பேர் பாக்கி’ என்று மட்டும் சொல்வது கணக்கல்ல. அரை மணிக்கு ஒருமுறை முந்தைய இடத்தோடு பேசி இதை ஒப்பிடுங்கள். கட்டத்தின் நீளம் 8 கிலோமீட்டர், மெதுவாக ஓடுபவர் ஏற்றத்தில் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் எடுப்பார் என்றால், 72 நிமிடத்தில் அவர் வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கால் மணி நேரம் கடந்தால் காத்திருக்காமல் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து, பாதையில் ஓர் இருசக்கர வண்டியை அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் எங்காவது நடந்துகொண்டிருப்பார். ஆனாலும் அனுப்பியே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் ஓட்டக்காரர் அல்லர், அவருடைய நண்பர்கள்தான். கால் பிடித்துக்கொண்டவரை அணியின் வேன் வழியில் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அடுத்த இடத்துக்கோ விடுதிக்கோ போய்விடும். பதிவேட்டில் அவர் இன்னும் மலையில் இருப்பார். தேடும் ஆட்கள் இருட்டில் அவரைத் தேடுவார்கள். ஆகவே ஒவ்வோர் அணித் தலைவரிடமும் அவர் வந்தவுடனே, விலகினால் முதலில் பதிவு மேசைக்குச் சொல்ல வேண்டும் என்று நேரில் அறிவுறுத்துங்கள். விலகியவரின் எண்ணை வட்டமிட்டு, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

குறிப்பிட்ட நேரத்துக்குள் முந்தைய ஓட்டக்காரர் வராத அணியின் அடுத்தவரை, மாற்றுப் பட்டையோடு புறப்படச் செய்யும் வழக்கம் ஹகோனேயில் உண்டு. இங்கேயும் வெளிச்சம் மங்கும் முன் ஓட்டத்தை முடிக்க அமைப்பாளர்கள் இதைப் பின்பற்றலாம். அப்போது ஓர் அணிக்கு இருவர் சாலையில் இருப்பார்கள் என்பதால் குறிப்புப் பத்தியில் அதைத் தெளிவாக எழுதுவது அவசியம். பணிமாற்றத்தின்போது பதிவேட்டை வாய்மொழியாக விளக்காமல், வர வேண்டிய எண்களைப் புதியவரை உரக்கப் படிக்கச் சொல்லி, அதன் பின்பே இடத்தைவிட்டு அகலுங்கள்.

சிக்னல் இல்லாத இடங்களை முன்கூட்டியே நடந்து பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிடைத்து, இன்னொன்று கிடைக்காமல் போவது மலையில் இயல்பு என்பதால் குழுவில் இரு வேறு சிம்கார்டுகள் இருக்கட்டும். வாக்கி-டாக்கிக்கு நடுவே ஒரு மலைமுகடு வந்தாலே போதும், குரல் நின்றுவிடும். கடைசி வழி, எழுதிய சீட்டோடு போகும் இருசக்கர வண்டிதான்.

வளைவுகளும் வண்டிகளும்

வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. நீங்கள் செய்யக்கூடியது ஓட்டக்காரரை நிறுத்துவதும், ஓட்டுநருக்கு முன்னெச்சரிக்கை காட்டுவதும். கொண்டை ஊசி வளைவில் உட்பக்கம் நிற்காதீர்கள். பேருந்தின் பின்சக்கரம் அந்தப் பக்கம்தான் வெட்டும். இருபுறமும் தெரியும் வெளிப்பக்கத்தில், தடுப்புச் சுவரை ஒட்டி நில்லுங்கள். ஓட்டக்காரர்கள் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக ஓடுவது பொது விதி. எதிர்வருவது தெரியாத வலப்பக்க வளைவில் மட்டும் அவர்களை முன்கூட்டியே வெளிப்பக்கம் கடக்கச் செய்ய வேண்டும். கடக்கும் இடத்தை அமைப்பாளர்கள் குறித்திருப்பார்கள். அதை நீங்களாக மாற்ற வேண்டாம். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்கும் வண்டி ஒதுங்கும்போது அது ஏற்றத்தில் ஓடிவரும் ஓட்டக்காரர்கள் பக்கம்தான் ஒதுங்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அணிகளின் வேன்கள் ஓட்டக்காரருக்குப் பின்னாலேயே ஊர்ந்து வருவதை அனுமதிக்கக் கூடாது. குறித்த இடத்தில் ஒரு சக்கரம்கூடத் தார்ச்சாலையில் நிற்காதபடி நிறுத்தவும், பட்டை மாறிய சில நிமிடங்களில் கிளம்பவும் சொல்லுங்கள். மூடுபனியில் டார்ச்சைக் கண் உயரத்தில் பிடித்தால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். இடுப்புக்குக் கீழே, சாலையை நோக்கிப் பிடியுங்கள்.

காட்டெருமை சாலையில் நின்றால் ஓட்டக்காரர்களைத் தொலைவிலேயே நிறுத்துங்கள். விசில் ஊதுவது, கத்துவது, ஹார்ன் அடிப்பது, படம் பிடிக்க நெருங்குவது எதுவும் கூடாது. அது தானாக விலகும் வரை காத்திருங்கள். நிறுத்திய நேரத்தையும் விடுவித்த நேரத்தையும் எழுதிவைத்தால் அந்த நிமிடங்களை அணியின் கணக்கில் கழித்துவிடலாம். ரயில்வே கேட் மூடியிருந்தாலும் இதே முறைதான். கரடி நடமாட்டம் உள்ள கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் விடியலிலும் அந்தியிலும் எவரும் தனியாக நிற்கக் கூடாது. குஞ்சப்பனை, கல்லார் பகுதிகளில் யானை நடமாட்டம் உண்டு என்பதால் அங்கே வனத்துறையினர் சொல்வதே இறுதி.

தண்ணீர், உணவு, உடல்நிலை

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் 1 லிட்டர், 2 லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் இம்மாவட்டத்தில் தடை உள்ளது. பெரிய கேன், எவர்சில்வர் டம்ளர், கழுவ ஒரு வாளி போதும். வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பும் மிளகும் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, சுக்குக் காபி ஆகியவை மேசைக்குப் போதுமானவை. மொறுமொறுப்பான பிஸ்கட்டான வர்க்கியைத் தன்னார்வலர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குபவர் தொண்டையில் அது அடைக்கும். எல்லாம் மூடியுள்ள பாத்திரத்தில் இருக்க வேண்டும், குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். ஆகவே சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு வழக்கத்தைவிட அதிகம் மூச்சு வாங்குவது இயல்பு. நெஞ்சுவலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு ஆகியவை இயல்பல்ல. உடனே 108ஐ அழையுங்கள்.

ரிலேயில் ஒவ்வொருவரும் கடைசி நூறு மீட்டரை வேகமாக ஓடி, பட்டையைக் கொடுத்ததும் சட்டென்று நின்றுவிடுகிறார்கள். கால்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றி விழ இதுவே காரணம். கோட்டைக் கடந்தவரின் அருகில் நடந்து, இரண்டு மூன்று நிமிடம் அவரை நடக்கவைப்பதற்கென்றே ஒரு தன்னார்வலர் வேண்டும். விழுந்தால் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். சில நிமிடங்களில் தெளிவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவழியில் விழுபவரின் நிலை வேறு. அதை அவசரமாகவே கருத வேண்டும். நினைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பின் நடுவே அழுத்தத் தொடங்குங்கள்.

தாகத்துக்கு ஏற்பக் குடிக்கச் சொல்லுங்கள். வற்புறுத்தித் தண்ணீர் ஊற்றாதீர்கள். அளவுக்கு மீறிக் குடிப்பதால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் ஏற்படலாம். அந்த நிலையில் மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில் மட்டுமே கரைக்க வேண்டும்.

வேர்வையில் நனைந்த உடையோடு வேனுக்காகக் காத்திருப்பவரைக் குறிப்பாகப் பாருங்கள். நடுக்கம், தடுமாற்றம், குழறும் பேச்சு தெரிந்தால் காற்றில்லாத இடத்தில் ஈர உடையை மாற்றி, கம்பளியால் போர்த்தி, நன்றாக விழுங்கக்கூடியவராக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். நடுக்கம் நின்று மயக்கம் வந்தால் அது தேறும் அறிகுறி அல்ல; மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

முடித்துக் கிளம்புதல்

கடைசி ஓட்டக்காரரைத் தொடர்ந்து வரும் வண்டி உங்கள் இடத்தைக் கடந்து, இரு பத்திகளின் எண்ணிக்கையும் விலகியவர்களோடு சேர்த்து ஒத்துப்போன பிறகே மேசையை மடக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எந்த எண் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, அவர்கள் பதில் தரும் வரை ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். பழத்தோல் உள்பட எல்லாக் குப்பையையும் மூட்டையாகக் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். தோலைச் சரிவில் வீசினால் இரவில் அந்த இடத்துக்குக் கரடி வரும், காலையில் தேயிலை பறிக்க அதே இடத்துக்குப் பெண்கள் வருவார்கள். சாலையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டைத் தண்ணீர் ஊற்றி அழித்துவிடுங்கள். யாரேனும் விட்டுச்சென்ற பொருள்களில் இடத்தின் பெயரையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, இருவரும் கையொப்பமிட்டு, மூலத்தாள்களை அன்றிரவே கட்டுப்பாட்டு அறையில் நேரில் ஒப்படைக்க வேண்டும். அணிகளின் ஆட்சேபங்கள் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் வரும்.